சாவ் டோக் சந்தை: வெள்ளத்து மீனும் பனை வெல்லமும்

வியாழன்

சைகோனிலிருந்து சாவ் டோக் 250 கிலோமீட்டர்தான். ஆனாலும் பேருந்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கிறது. வழியெல்லாம் ஆறு, கால்வாய், பாலம். மீகாங் கடலில் சேர்வதற்கு முன் பல கிளைகளாகப் பிரிகிற சமவெளி இது. அதில் ஒரு கிளைக்கு ஹாவ் ஆறு என்று பெயர். அதன் கரையில், கம்போடிய எல்லையை ஒட்டிக்கொண்டு சாவ் டோக் இருக்கிறது.

வியட்நாமுக்கு வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் தா நாங், ஹா லாங் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே வந்தால் மீகாங் படகுச் சவாரி ஒரு நாள், அவ்வளவுதான். இந்த ஊர் அவர்கள் பட்டியலில் இருக்காது. மீன் சாப்பிடுகிற எவரும் இதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். உப்பிட்டு நொதிக்கவைத்த மீனுக்குத் தென் வியட்நாமிலேயே பெயர்பெற்ற சந்தை இங்கேதான் இருக்கிறது. ‘மாம்’ என்கிறார்கள். வியட்நாம் உணவகங்களில் கிண்ணத்தில் வைக்கிற தெளிந்த மீன் சாறு வேறு. அது வடித்தெடுத்த நீர். இது மீனேதான். சதையும் முள்ளுமாக, பல மாதம் ஜாடியில் இருந்து பக்குவப்பட்ட மீன்.

அக்டோபரில் வந்ததற்கும் காரணம் உண்டு. இது வெள்ளக் காலம். பேருந்து ஜன்னலில் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. நடுவில் வரிசையாக மரங்கள். அவற்றைப் பார்த்துத்தான் சாலையோ கரையோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் இறங்கியதும் சைக்கிள் பின்னால் சிறு வண்டி பூட்டிய ‘சே லோய்’ ஒன்றில் ஏறிக்கொண்டேன். சாவ் டோக்கில் இது இன்னும் ஓடுகிறது. சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி விடுதி. கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் வாசனைக்குக் கதவு ஏது? முதலில் உப்பு, அதன் பின்னால் மீன், அதற்கும் அடியில் வெல்லப்பாகு கொதிப்பதைப் போன்ற ஒரு இனிப்பு. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இரவெல்லாம் மனதில் ஓடியது.

வெள்ளி

விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டோம். ‘விட்டோம்’ என்பது விடுதிக்காரரின் மகளையும் சேர்த்து. கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள். அவள் இல்லாவிட்டால் இன்றைய பதிவில் பாதி இருந்திருக்காது.

முதலில் வயிற்றுக்கு. சந்தை ஓரத்தில் ‘பூன் கா’ கடை. அரிசிச் சேவையின் மேல் மஞ்சள் போட்டு வதக்கிய விரால் மீன் துண்டுகள், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க மஞ்சள் நிறச் சாறு. கூடவே ஒரு தட்டு நிறைய பச்சை இலைகள், சீவிய வாழைப்பூ, மஞ்சள் நிறச் சின்னப் பூக்கள். பூவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அகத்தி இனம். ‘தியென் தியென்’ என்று பெயர், வெள்ளக் காலத்தில் கரையோரமெல்லாம் பூக்கும். நம் அகத்திப் பூவைவிடச் சின்னது, கசப்பும் குறைவு. சாற்றில் இஞ்சி இனத்துக் கிழங்கு ஒன்றின் மணமும் இருந்தது. அது கம்போடியாவின் கெமர் மக்களின் சமையலிலிருந்து வந்த வழக்கம். ஒரு கிண்ணத்துக்குள்ளேயே இது எல்லை ஊர் என்று தெரிந்துவிடுகிறது. வியட்நாமியர், கெமர், சீனர், சாம் முஸ்லிம்கள் என்று நான்கு சமூகங்கள் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழும் இடம் இது.

அப்புறம் மாம் கடைகள். பாக் தாங் தெருவுக்குத் திரும்பும்போதே கண்ணுக்கு முன்னால் செம்பழுப்புக் குவியல்கள். பெரிய தாம்பாளங்களில் மீனைக் கோபுரமாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தாம்பாளத்திலும் பெயர் எழுதிய அட்டை. கடைப் பலகைகளில் பெயருக்குப் பின்னால் 55555 என்பதுபோல ஒரே எண்ணை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிப் பெயர் பல கடைகளுக்கு இருப்பதால், வாடிக்கையாளர் எண்ணைப் பார்த்துத்தான் தன் கடையைக் கண்டுபிடிக்கிறார்.

மீன்களைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாம் நம் குளத்து மீன்களின் உறவுகள். ‘கா லோக்’ என்பது விரால். ‘கா சோட்’ கெளுத்தி. ‘கா ட்ரென்’ வாளை வகை. ‘கா ரோ’ நம் பனையேறிக் கெண்டை. ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்து போகுமே, அதே மீன். இவற்றோடு நம் பக்கம் இல்லாத இரண்டு: சப்பையான ‘கா சாக்’, விரல் நீளக் கெண்டை இனமான ‘கா லின்’. இந்தச் சந்தைக்கு உயிர் இந்த லின் மீன்தான். அதைப் பற்றி நாளை.

ஒரு கடையில் அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர், கையுறை போட்டுக்கொண்டு பெரிய சட்டியில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். கிட்டே போய் நின்றோம். விரால் மாமை முள் நீக்கி, நீள நீளமாக மெல்லிய நார்களாகக் கிழித்து வைத்திருந்தார். இன்னொரு பக்கம் பச்சைப் பப்பாளியை மெலிதாகச் சீவி, நீர் பிழிந்து, பாதி உலர்த்தியது. இரண்டையும் சேர்த்து, கெட்டியான பாகு ஊற்றி, விரல்களை விரித்து விரித்து மேலே தூக்கிப் பிசைகிறார். அழுத்திப் பிசைந்தால் மீன் குழைந்துவிடும். பப்பாளி நார் ஒவ்வொன்றிலும் செம்பழுப்பு ஏறி, கண்ணாடிபோல மினுமினுக்கும் வரை கை நிற்கவில்லை. இதற்கு ‘மாம் தாய்’ என்று பெயர். சாவ் டோக் வந்தவர்கள் இதை வாங்காமல் போக மாட்டார்கள்.

“சாப்பிட்டுப் பார் தம்பி” என்று ஒரு துணுக்கை நீட்டினார். முதலில் இனிப்பு, உடனே உப்பு, மெல்ல மெல்லப் புளிப்பு. பப்பாளி நறுக்கென்று இருக்கிறது, மீன் கடிக்கிற பதத்தில் மென்மையாக இருக்கிறது. தெருவில் வீசிய வாடையும் வாயில் வந்த ருசியும் ஒரே பொருளுடையவை என்று நம்பவே முடியவில்லை. கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு இது புரியும்.

செய்முறையைக் கேட்டதும் பின்கட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். வரிசையாக ஜாடிகள். மண் ஜாடிகள் சில, பிளாஸ்டிக் பீப்பாய்கள் பல. மீனைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, கழுவி, உப்பில் அடுக்குவது முதல் வேலை. சில வாரம் கழித்து வெளியே எடுத்து நீர் வடித்து, ‘தின்’ என்கிற வறுத்த அரிசிப் பொடியில் புரட்டுகிறார்கள். அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த பொடி அது. மறுபடி ஜாடியில் நெருக்கி அடுக்கி, மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வளைத்துச் செருகி அழுத்துகிறார்கள். மீன் உப்புநீருக்கு மேலே தலை காட்டவே கூடாது, காட்டினால் கெட்டுவிடும். இப்படி மாதக்கணக்கில் கிடக்கும். சின்ன மீனுக்குக் காலம் குறைவு, விராலுக்கு அதிகம். கடைசியில் வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றி, மறுபடி ஊறவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உப்பு, அழுகவைக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. மீனின் உடம்பிலேயே இருக்கும் நொதிகள் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. நாக்கில் ஒட்டிக்கொள்கிற அந்த ஆழ்ந்த சுவை அதிலிருந்து வருகிறது. வறுத்த அரிசி, புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அரிசி மணமும் செம்பழுப்பு நிறமும் கூடுதல் வரவு. இந்த அம்மாவுக்கு அமிலமும் தெரியாது, நொதியும் தெரியாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “இது இன்னும் பத்து நாள்” என்றார். எனக்கு அந்த மூக்கின் மேல் மரியாதை வந்துவிட்டது.

பாகுக்கு எந்த வெல்லம் என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஓலையில் சுற்றிய ஒரு உருளையை எடுத்துப் பிரித்தார். உள்ளே வட்ட வட்டமாக, வெளிர் பழுப்பில் வில்லைகள். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. பனை வெல்லம்! நேற்று ராத்திரி தெருவில் வீசிய இனிப்பு இதுதான். ஓலையும் பனை ஓலைதான்.

சனி

லின் மீனைப் பார்க்க இன்று ஆற்றுக்குப் போனோம்.

ஹாவ் ஆற்றில் மிதக்கும் வீடுகளைத் தாண்டித்தான் படகு போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் கூண்டு. தரையில் ஒரு பலகையைத் தூக்கித் தீனியைப் போட்டதும் நீர் கொதிப்பதுபோலத் துள்ளுகிறது. நம் ஊர் உணவகங்களில் ‘பாசா’ என்று முள்ளில்லாத துண்டு மீன் வருகிறதே, அந்தக் குடும்பத்து மீன்கள் இவை. சாவ் டோக் இந்த வளர்ப்புக்குப் பேர்போன இடம். அக்கரையில் சாம் முஸ்லிம்களின் கிராமம், பள்ளிவாசல், தறிகள். அரை மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம், ஏனென்றால் வலைக்காரர் வெயிலுக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார்.

நீர் நிறைந்த வயல் ஓரத்தில் அவருடைய தூக்கு வலை. நான்கு மூலையையும் மூங்கிலில் கட்டி நீருக்குள் இறக்கியிருக்கிறார். கால் மணிக்கு ஒருமுறை கயிற்றை இழுத்தால் வலை மேலே எழும், நடுவில் வெள்ளியாகக் கொஞ்சம் மீன் துள்ளும். நாங்கள் இருந்தபோது ஒவ்வொரு தூக்கலுக்கும் இரண்டு கை அளவுதான் வந்தது. அதில் பாதி லின்.

இந்த மீனின் கதை கம்போடியாவில் தொடங்குகிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, டோன்லே சாப் ஏரியிலிருந்து வர வேண்டிய ஆறு திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது. ஏரி பல மடங்கு விரிந்து, சுற்றிலும் உள்ள காடு முழுக்க மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகிறது. மீகாங்கின் வெள்ளத்தோடு லின் குஞ்சுகள் தெற்கே இறங்கி, இங்கே மூழ்கிய வயல்களில் புகுந்து கொழுக்கின்றன. ஆகஸ்ட் வாக்கில் வரும் குஞ்சுகளுக்கு முள்ளே தெரியாது. அப்படியே தியென் தியென் பூவோடு புளிப்புச் சாறு வைப்பார்கள். ஐப்பசி வாக்கில் நீர் வடியத் தொடங்கும்போது, வளர்ந்த மீன்கள் வயலை விட்டு ஆற்றுக்குத் திரும்பும். அப்போதுதான் பெரிய மீன்பாடு. தின்றும் விற்றும் தீராத அளவுக்கு மீன், அதுவும் சில வாரத்துக்கு மட்டும். அதை வருஷம் முழுக்கக் காப்பாற்றி வைக்கத்தான் ஜாடிகள். இவ்வளவு பெரிய மாம் சந்தை வேறெங்கும் வராமல் இங்கே வந்ததற்கு இந்த வெள்ளம்தான் காரணம்.

அதனால் வெள்ளம் இவர்களுக்கு ஆபத்து மட்டும் இல்லை, விளைச்சலும்கூட. 2000ஆம் ஆண்டு பக்கத்து ஊரான டான் சாவின் ஆற்று அளவுமானியில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டிப் பெரும் சேதம் ஆனது உண்மை. அதன் பிறகு உயர்ந்த கரைகள் கட்டி, மூன்றாம் போகம் நெல் போட ஆரம்பித்தார்கள். கரைக்குள் வெள்ளம் வராது, வண்டல் வராது, மீனும் வராது. மேலே மீகாங் நெடுக அணைகளும் வந்துவிட்டன. 2015இல் டான் சாவில் வெள்ளம் 2000ஆம் ஆண்டின் உச்சத்தில் பாதியளவுதான். 2019, 2020இலும் மோசம். வலைக்காரர் ஆறு இருக்கும் திசையைக் கையால் காட்டி, “முன்பெல்லாம் படகில் அள்ளிப் போட்டோம். மீந்ததை வாத்துக்குப் போட்டோம்” என்றார். இப்போது சாவ் டோக் ஜாடிகளுக்கு லின் மீன் கம்போடியாவிலிருந்தும் வருகிறது. விரால் பெரும்பாலும் வளர்ப்புக் குளத்தது. சந்தையில் குவியல்கள் குறையவில்லை என்பதால் வருகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கு இந்த ஊரில் மனம் கனத்தது இந்த ஒரு விஷயத்தில்தான். ருசி போவதற்கு முன்னால் மீன் போய்விடும் என்ற பயம்.

ராத்திரி விடுதிக்காரர் வீட்டில் ‘லாவ் மாம்’. லின் மாமையும் சாக் மாமையும் நீரில் கொதிக்கவிட்டு, சதை கரைந்ததும் முள்ளை வடிகட்டி, எலுமிச்சைப் புல்லும் பூண்டும் தாளித்த சட்டியில் ஊற்றுகிறார்கள். கத்தரிக்காய், இறால், பன்றி இறைச்சி, மீன் எல்லாம் அதிலேயே வேகும். சுற்றி உட்கார்ந்து அல்லித் தண்டு, வள்ளைக் கீரை, நீர்த் தொட்டாற்சுருங்கி, வாழைப்பூ, தியென் தியென் பூ என்று கிள்ளிக் கிள்ளிப் போட்டு உடனே எடுத்துச் சாப்பிட வேண்டும். பாட்டியும் பேரனும் ஒரே சட்டியில் கரண்டி விட்டார்கள். கத்தரிக்காய் அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு வருகிறதே, அதற்காகவே இந்த ஊருக்கு வரலாம். காரல் துளியும் இல்லை.

ஞாயிறு

பனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் போக முடியுமா? மோட்டார் சைக்கிளில் தெற்கே, ‘பாய் நுய்’ என்கிற ஏழு மலைப் பக்கம்.

போகிற வழியில் சாம் மலை. இந்தச் சாம் வேறு, சாம் முஸ்லிம்களின் பெயரோடு சம்பந்தமில்லை. அடிவாரத்தில் ‘பா சுவா சூ’ என்கிற நாட்டுத் தாயின் கோயில். வைகாசி வாக்கில் வரும் திருவிழாவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஞாயிறு என்பதால் இன்றும் நெரிசல். பட்டும் முத்தும் சாத்திய அந்தக் கற்சிலை உண்மையில் விஷ்ணு சிலை வகை, ஆறாம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்தது என்று பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மாலரே கருதினார். தொழுகிறவர்களுக்கு அவள் தாய்தான், நானும் அப்படியே கும்பிட்டேன். மாம் சந்தை வளர்ந்ததில் இந்தத் தாய்க்குப் பெரிய பங்கு உண்டு. கோயிலுக்கு வருகிற கூட்டம் ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒரு டப்பா மாம் இருக்கும். பக்கத்திலேயே வின் தே கால்வாய். 1819 முதல் 1824 வரை ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வெட்டியது, வெட்டும்போதே பலர் மாண்டார்கள். முன்னின்று நடத்திய அதிகாரி தோய் ங்கோக் ஹாவின் மனைவி பெயரால் கால்வாய் வழங்குகிறது. இருவரும் இந்த மலையடியில்தான் அடக்கம்.

மலையடி ஊரான ட்ரி டோனை நெருங்க நெருங்க வயல் வரப்பெல்லாம் பனை. ஆளுயரத்திலிருந்து வானம் தொடும் வரை. கருத்த உடம்பு, விசிறி மட்டை, குலை குலையாகக் காய். நம் மாநில மரமேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. ஏறுகிற விதம்தான் வேறு. நம் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுவார்கள். இங்கே கெமர் ஆட்கள் கணுக்கிளையை முழுக்க வெட்டாமல் ஒரு சாண் விட்ட மூங்கிலை, மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கணுக்கிளைகளே படி. சாறு இறக்குவது வறட்சிக் காலத்தில், எனவே இப்போது மூங்கில் மட்டும் மரத்தில் நிற்கிறது. நாம் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். இவர்கள் ஒரு மரத்தின் சீவலைப் போடுகிறார்கள்.

சாலையோரக் கொட்டகையில் ஒரு பெரியவர் ஓலை உருளைகளை அடுக்கி விற்றார். நுங்கும் இருந்தது. பனம்பழச் சாறு சேர்த்து ஆவியில் வேகவைத்த மஞ்சள் நிறப் பணியாரமும் இருந்தது, ‘பாஞ் போ’ என்று பெயர். பனம்பழ மணம் அப்படியே மூக்கில் ஏறியது. என் ஊரிலும் இந்த மரம் இருக்கிறது என்று செல்பேசியில் படம் காட்டினேன். பெரியவர் படத்தை விரலால் பெரிதாக்கி, மட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, “மீனுக்கு இதன் வெல்லத்தைப் போடுவீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவரால் நம்ப முடியவில்லை.

மலையடிக் கெமர்க்காரர்களின் வெல்லம், சமவெளி ஆற்று மீன், வயல்காரரின் வறுத்த அரிசி. மூன்றும் ஒரு ஜாடிக்குள் சேர்வதற்கு 40 கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் போதுமாக இருக்கிறது.

திங்கள்

காலையில் சாமான் வாங்கும் வேலை. வெள்ளிக்கிழமை பார்த்த அதே அம்மாவிடம் போனேன். மாம் தாய் ஒரு கிலோ, லின் மாமும் சாக் மாமும் அரை அரை கிலோ. வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம்: நேரே சாப்பிட மாம் தாய். அதை அரிசிச் சேவை, வேகவைத்த இறைச்சி, பச்சை இலைகளோடு அரிசித்தாளில் சுருட்டிச் சாப்பிடலாம். குழம்புக்கு லின், சாக். முட்டையோடு ஆவியில் வேகவைக்க எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர்களே எடுத்துத் தருவார்கள். நிறம் கண்ணைப் பறிக்கிற சிவப்பாக இருந்தால் வேண்டாம் என்றார் அந்த அம்மா. செம்பழுப்புதான் சரியான நிறம். தொட்டால் சதை விரலோடு கொஞ்சம் எதிர்க்க வேண்டும், கூழாகக் கூடாது.

கட்டிக் கொடுப்பதும் ஒரு கலை. பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன்மேல் பை, காற்றை அழுத்தி வெளியேற்றி முடிச்சு, மறுபடி ஒட்டுநாடா, மறுபடி பை. மூக்கருகே கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் கையில் கொடுத்தார். விமானத்தில் போகிறவர்கள் விமான நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குழம்பு வைக்கும்போது உப்பே போடக்கூடாது, இளநீர் ஊற்று, கத்தரிக்காயை மறக்காதே என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

மதியப் பேருந்தில் ஹா டியென் போகிறேன், வின் தே கால்வாய் போகும் அதே திசையில். அங்கிருந்து படகில் ஃபூ குவோக் தீவு. அந்தத் தீவின் மீன் சாறுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. நெத்தலியும் உப்பும் மட்டும் போட்டு, ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய்களில் ஏறக்குறைய ஒரு வருஷம் வைக்கிறார்கள். புதிய நிர்வாகக் கணக்குப்படி சாவ் டோக்கின் ஜாடியும் ஃபூ குவோக்கின் பீப்பாயும் இப்போது ஒரே மாகாணம். புதன்கிழமை அங்கிருந்து எழுதுகிறேன்.